நாலு, நாலு, அஞ்சு

ஆறு புள்ளி எட்டு. ரங்கநாயகி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு புள்ளி ஏழு. தடுப்பூசி ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்த, உள்ளே சூடு எவ்வளவு என்று காட்டும் குட்டிப் பெட்டிக்குள் எண் ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, வாத்தியார் வருவதற்குள் ஓடிவந்து பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொள்ளும் பையனைப் போல. நான் எங்கேயும் போகலீங் சார், இங்கதான் இருந்தேன். எட்டேகாலுக்கு அவள் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தபோது இதே பெட்டி இருபத்தாறு புள்ளி ஒன்பது என்று காட்டியது. இரண்டுக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது என்று கதவிலேயே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியதும் அவள்தான், நான்கு மூலையிலும் டேப் வைத்து அழுத்தி ஒட்டியதும் அவள்தான். இருபத்தாறு புள்ளி ஒன்பது. அவள் முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள், பேட்டரி போயிருக்கும் என்று தட்டிக்கூடப் பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்தாள், உள்ளே விளக்கு எரியவில்லை, முகத்தில் சில்லென்று அடிக்கவேண்டிய காற்று வரவில்லை, பதிலுக்குப் பழைய டிபன் கேரியரைத் திறந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு வந்தது. அப்புறம்தான் கீழே பார்த்தாள். ஃப்ரிட்ஜின் ஒயர் பாம்புக்குட்டி போலத் தரையில் சுருண்டு கிடந்தது. அது இருக்கவேண்டிய பிளக் பாயிண்டில் சீரியல் லைட்டின் ஒயர் இருந்தது, சரஸ்வதி படத்தைச் சுற்றி சிவப்பு பச்சை சிவப்பு பச்சை என்று இரண்டு நாளாக யாரும் இல்லாத கிளினிக்கில் கண்ணடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நிமிஷம், அதற்கு மேல் இருக்காது, அவள் கை தானாகவே ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருகிவிட்டது. ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறிக்கொண்டு ஊம்ம் என்றது. அந்த ஊம்ம் இப்போது வரைக்கும் நிற்கவில்லை, காதுக்குள்ளா ஃப்ரிட்ஜுக்குள்ளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊம்ம், நான் சொல்லமாட்டேன் நீயும் சொல்லாதே என்கிற மாதிரி ஒரு ஊம்ம். ஆறு புள்ளி ஆறு.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. டாக்டர் குழந்தைவேலுவின் கிளினிக்கில் அது பெரிய விசேஷம், உடுமலையில் அத்தனை லேத் பட்டறையும் அத்தனை ஆட்டோ ஸ்டாண்டும் கொண்டாடும்போது குழந்தைகள் கிளினிக் மட்டும் சும்மா இருக்குமா, எடை மிஷினுக்குச் சந்தனம், ஸ்டெதாஸ்கோப்புக்குச் சந்தனம், ஆவி பிடிக்கிற மிஷினுக்கு வாயிலும் மூக்கிலும் சந்தனம், குழந்தைகளின் தொண்டையைப் பார்க்கிற டார்ச்சுக்கு நெற்றி எது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் குங்குமம். ரிசப்ஷனில் டோக்கன் கொடுக்கிற ஜெயசித்ரா அக்கா வீட்டிலிருந்து சீரியல் லைட் கொண்டுவந்திருந்தாள். சாமிக்கு லைட் போடோணுமல்லொ ரங்கா, இருட்டுல உக்காந்திருக்குமா சரஸ்வதி, என்று மூக்கால் இழுத்து இழுத்துச் சொன்னாள். படம் மாட்டியிருந்த சுவருக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ரங்கநாயகிதான் குனிந்தாள். அரைமணி நேரம்தானே, தீபாராதனை முடிந்ததும் மாற்றிவிடலாம், ஃப்ரிட்ஜும் ஒரு ஆயுதம்தானே, அதற்கும் இன்றைக்கு ஓய்வு என்று தனக்குள் சிரித்துக்கொண்டு பிடுங்கினாள். ஆமாம், சிரித்தாள். பிறகு தேங்காய் உடைத்தார்கள், பொரியும் கடலையும் பொட்டலம் கட்டினார்கள், டாக்டர் வாசலில் பூசணிக்காயை உடைத்துவிட்டு, எல்லாரும் கெளம்புங்க, நாளைக்கும் லீவு, புதங்கெழமை பாக்கலாம் என்றார், அவளுக்குப் பன்னிரண்டு இருபதுக்குக் குடிமங்கலம் பஸ். பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். ஜன்னலோரம் சீட்டுகூடக் கிடைத்தது. காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே பொரி தின்றாள். திங்கள் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து புதன் காலை எட்டேகால் வரைக்கும் எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணினாள், நாற்பத்துநான்கேகால், மறுபடி எண்ணினாள், குறையவில்லை.

டோக்கன் ஒண்ணேய்ய், என்று ஹாலில் ஜெயசித்ரா அக்கா கூவினாள், மீன்காரி தோற்றுப்போவாள். ஒன்றாம் டோக்கன் இருமல், அது ஊசி இல்லை. இரண்டாம் டோக்கன் வயிற்றுவலி. மூன்று காய்ச்சல் திரும்பக் காட்ட வந்தது. நான்காம் டோக்கன் தடுப்பூசி, போனில் முன்பே சொல்லி வைத்தது. ஜெயசித்ரா அக்கா எழுதிக் கொடுத்திருந்த துண்டுச்சீட்டை ரங்கநாயகி நாலு தடவை பார்த்துவிட்டாள், நான்கு மூன்றாகவோ ஒன்பதாகவோ மாறிவிடவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அந்த நோட்டு. காலையும் மாலையும் சூடு எவ்வளவு என்று பார்த்து எழுதி வைக்கிற நோட்டு. திங்கள் மாலை நாலு, செவ்வாய் காலை நாலு, செவ்வாய் மாலை அஞ்சு. அவள் கையெழுத்துதான், அந்த அஞ்சின் வால் அவளுடைய வால்தான். திங்கட்கிழமை மத்தியானமே பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் எழுதி வைத்தது. லீவு நாளுக்கு யார் வந்து பார்ப்பார்கள், எப்போதும் நாலுதானே காட்டுகிறது, சில நாள் அஞ்சு, வித்தியாசம் தெரியட்டும் என்று ஒரு அஞ்சு. வேலைக்குச் சேர்ந்தபோது இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே முன்னால் இருந்த சிஸ்டர்தான். கட்டம் காலியா இருந்தா டாக்டருக்குப் புடிக்காது பாப்பா, நெரப்பி வெச்சிரு, அவரு மாசக் கடைசியில ஒரே மூச்சுல கையெழுத்துப் போட்டுருவாரு. போட்டுவிடுவார்தான், கு.வேலு கு.வேலு கு.வேலு என்று முப்பது கட்டத்தையும், ரெயில் ஓட்டுகிற மாதிரி. ஆக, நோட்டைக் கேட்டால் ஃப்ரிட்ஜ் நன்றாக இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜைக் கேட்டாலும் இன்னும் அரைமணியில் நாலு என்றே சொல்லிவிடும். உலகத்தில் இருபத்தாறு புள்ளி ஒன்பதைப் பார்த்தது இரண்டே கண்கள், அவளுடையவை. கண்ணை மூடினாள். மூடினால் அந்த எண் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கெட்டிருக்குமா. அதுதான் தெரியாது. கெடாமலும் இருக்கலாம். ஐப்பசிதானே, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று ராத்திரி முழுக்க இந்த ஊரையே ஃப்ரிட்ஜ் மாதிரிதான் வைத்திருக்கிறது, கதவு மூடியே இருந்திருக்கிறது, மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் ஒரு தடவை, எங்க புராடக்ட் கொஞ்சம் தாங்கும் சிஸ்டர், என்று கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். எத்தனை கொஞ்சம், எந்த மருந்து கொஞ்சம், அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கெட்டால் நிறம் மாறுமா, மாறாது. நாற்றம் வருமா, வராது. பால் திரிந்தால் அடுப்பிலேயே தெரிந்துவிடுகிறது, இட்லிமாவு புளித்தால் பாத்திரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது, இது மட்டும் கெட்டுப்போனாலும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அப்படியே தெளிவாக உட்கார்ந்திருக்கும். பயிற்சியின்போது அரசாங்க மருந்துப் புட்டியில் ஒரு சின்னச் சதுரம் இருப்பதைக் காட்டினார்கள், சூடு பட்டால் அது கறுத்துக்கொண்டே வரும், சதுரமே காட்டிக்கொடுத்துவிடும். இந்த விலையுயர்ந்த பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஆறு பக்கமும் தங்க எழுத்து, சதுரம் இல்லை. பதினோரு பெட்டி. கீழ்த்தட்டில் மஞ்சள்காமாலைக்கு, அம்மைக்கு என்று இன்னும் வேறு. இவற்றின் மொத்த விலையை நினைத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள், அவள் இரண்டு வருஷம் சம்பளம் வாங்காமல் வந்துபோனாலும் போதாது. கெடவில்லை என்றால் வாயைத் திறந்ததற்காக வேலை போகும். கெட்டிருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் இதில் உள்ள சூட்சுமம், ஒன்றுமே ஆகாது, ஊசி குத்தும், குழந்தை அழும், புத்தகத்தில் தேதி எழுதி முத்திரை குத்துவார்கள், அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உள்ளே போனது தண்ணீர் மாதிரி என்று யாருக்கும் தெரியாது. எப்போது தெரியும் என்றால் ஒரு நாள் இருமல் வரும்போது தெரியும்.

அங்கே வந்து அவள் நினைப்பு சேலை முள்ளில் மாட்டியது போல மாட்டிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. ஆடி மாசத்தில் மலையடிவாரத்திலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள், மூன்று மாசம் இருக்கும், ஊசியே போடாதது. கக்குவான் இருமல். கக் கக் கக் கக் கக் என்று இருபது இருமல், நடுவில் மூச்சே எடுக்காமல், முகம் சிவந்து, கறுத்து, நாக்கு வெளியே தள்ளி, இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் நிற்கும்போது, ஹூஊப் என்று ஒரு இழுப்பு, கிணற்றில் வாளி அடித்தட்டின மாதிரி. உடனே மறுபடி கக் கக் கக். டாக்டர் அப்போதே ஆம்புலன்சுக்குச் சொல்லிக் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார். என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்கு அவள் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள், போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மாசத்துக்கு அந்தச் சத்தம் அவள் தொண்டைக்குள்ளேயே குடியிருந்தது, பாத்திரம் கழுவும்போது தானாக ஹூஊப் என்று வரும், அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள், என்னடி என்பாள். இப்போதும் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாலில் யாரோ, இங்கதானுங்களே தடுப்பூசி, என்று கேட்டார்கள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

போனிலேயே தெரிந்த குரல். கதிர்வேல், கயிறு மில்லில் வேலை, பெண்டாட்டி சுதாமணி, குழந்தை இனியாவுக்கு ஆறு மாசம். குழந்தைக்கு ஒன்றரை மாசத்தில் அரசாங்கத்தில் இலவசமாக முதல் ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலமே காய்ச்சல், தொடை கொழுக்கட்டை மாதிரி வீங்கி, மூன்று நாள் அழுகை. அதோடு நிறுத்திவிட்டான். ஊசி போட்டா காச்சல் வருமுன்னா அப்பறம் எதுக்குங் அத போடோணும், காச்சல் வராம இருக்கத்தானுங்களே ஊசி, என்று போனில் கேட்டான், கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. கிராம நர்ஸ் மூன்று முறை வீடு தேடி வந்திருக்கிறார். இனியா அம்மா, இனியா அம்மா, கதவத் தெறங்க, ஒண்ணும் ஆகாதுங்க. உள்ளேயிருந்து சுதாமணி, வூட்டுல ஆருமில்லீங், என்று பதில் சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டுத் தானே சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாளாம். போன வாரம் அடுத்த சந்தில் ஒரு குழந்தை இருமி இருமி வாந்தியெடுத்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. கிளினிக் நம்பருக்குப் போட்டாள். எடுத்தது ரங்கநாயகி. இருபது நிமிஷம் பேசினாள், அவளுக்கென்று ஒரு போன் குரல் உண்டு, ரேடியோவில் வேளாண் செய்தி வாசிக்கிற குரல், அதில் பேசினாள். அந்த ஊசியே தான், ஆனால் காய்ச்சல் ரொம்பக் குறைச்சல், வலி குறைச்சல், காசு கொடுத்துப் போடுவது, புதன்கிழமை வாங்க, உங்க பேரெழுதி எடுத்து வெச்சிருக்கேன். கதிர்வேல் போனைப் பிடுங்கி, நீங்க பொறுப்புங்களா, என்றான். நான் பொறுப்புங்ணா, என்றாள். எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை. பொரி மாதிரி.

டோக்கன் ரெண்டேய்ய். ஐந்து புள்ளி நான்கு. வேறு வழி ஒன்று இருந்தது, ரொம்ப அழகான வழி. ஸ்டாக் தீந்துபோச்சுங், அடுத்த வாரம் வாங்க. யாருக்கும் ஊசி போடவேண்டாம், யாரிடமும் எதையும் சொல்லவேண்டாம். அந்த வாக்கியத்தை அவள் உதட்டை அசைத்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள், வருத்தமாக, அவசரமாக, ஜெயசித்ரா அக்கா மாதிரி மூக்கால். மூன்றாவதுதான் நம்பும்படி இருந்தது. ஆனால் பதினோரு பெட்டி அடுத்த வாரமும் இதே தட்டில் உட்கார்ந்திருக்கும், நாலு என்று சிரித்துக்கொண்டு. ஐந்தாவது டோக்கன் வரும், நாளைக்கு இருக்கிறது, நாளை மறுநாள் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் தீர்ந்துபோச்சுங் என்றால் டாக்டரே எழுந்து வந்து கதவைத் திறந்து பார்ப்பார். அதுவும் போகட்டும், இவர்கள். கதிர்வேல் மில்லில் இன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டு வந்திருப்பான். அடுத்த வாரம் என்று சொன்னால் தலையை ஆட்டுவான், வாசல்படியில் செருப்பை மாட்டும்போதே, பாத்தியா, வேண்டாமுன்னு தெய்வமே சொல்லுது, என்பான். அப்புறம் கிராம நர்ஸ் கதவைத் தட்டுவார், உள்ளேயிருந்து குரல் வரும், வூட்டுல ஆருமில்லீங். அந்தப் பதிலைச் சொல்லவைப்பது இந்த முறை யார். கதவின் பின்னால் நிற்பது யார். அவள் ஸ்டீல் தட்டைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள், தட்டில் அவள் முகம் அகலமாகி, நீளமாகி, யாரோ போல ஆனது. சொல்லிவிடு. சொன்னால் டாக்டர் என்ன செய்வார். அவர் கத்தமாட்டார், அதுதான் கஷ்டம், கத்துகிற டாக்டராக இருந்தால் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளலாம். அவர் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றி மேஜையில் வைப்பார். சரி அம்மிணி, என்பார். அந்தச் சரிக்குப் பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது, அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், எம் புள்ள டாக்டரு கைக்குப் பக்கத்துல நின்னு வேல பாக்குறா, என்று சொல்லிக்கொண்டிருக்கிற அம்மாவிடம். கைக்குப் பக்கத்தில்தான். அது சரியான வார்த்தை.

டோக்கன் மூணு உள்ளே போனது, வெளியே வந்தது. அதற்குள் அவ்வளவு சீக்கிரமா. காய்ச்சல் குறைந்த குழந்தைக்கு டாக்டர் எவ்வளவு நேரம் பார்ப்பார், பால் குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதா, அப்பறம் என்ன அம்மிணி, ராசாவாட்டம் இருக்குது. டோக்கன் நாலேய்ய். அவள் கை கதவைத் திறந்தது. இப்போது முகத்தில் சில்லென்று காற்று அடித்தது, எவ்வளவு பொய்யான சில்லிப்பு. முதல் பெட்டியில் பென்சிலால் இனியா என்று எழுதியிருந்தது, எழுதியவள் வளைவுகளைக்கூட அழகாகப் போட்டிருந்தாள். பெட்டியைப் பிரித்தாள், மருந்து ஏற்றியே வந்த ஊசி, வெள்ளையாக, சாதுவாக. தட்டில் வைத்தாள், பஞ்சு வைத்தாள். நடந்தாள். பத்து எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு குரல். கெடலாம். கெடாமலும் இருக்கலாம். கொஞ்சம் தாங்கும் சிஸ்டர். கட்டம் காலியா இருக்கக் கூடாது பாப்பா. நீங்க பொறுப்புங்களா. உள்ளே சுதாமணி குழந்தையை மடியில் போட்டு ஜட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள், குழந்தை டாக்டரின் கண்ணாடியைப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தது, தொடை இரண்டும் மடிப்பு மடிப்பாக இருந்தன. கதிர்வேல் சுவரோரம் நின்று தன் செல்போனைத் திருகிக்கொண்டிருந்தான், அவளைப் பார்த்ததும் ஒரு தலையசைப்பு, போன் அக்கா இவங்களாத்தான் இருக்கோணும் என்று பெண்டாட்டிக்குக் கண்ணால் காட்டினான். டாக்டர் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டே இடது கையைப் பின்னால் நீட்டினார். எப்போதும் அப்படித்தான். திரும்பிப் பார்க்கமாட்டார், உள்ளங்கை பூ மாதிரி விரிந்து வரும், அதில் அவள் ஊசியை வைப்பாள், கை மூடிக்கொள்ளும். ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை வெறுமனே திரும்பியதில்லை. இப்போதும் விரிந்திருந்தது. ரேகைகள் எல்லாம் தெரிந்தன. ஒரு விரல், கொண்டா என்பதாக லேசாக அசைந்தது. அவள் தொண்டைக்குள் ஏதேதோ குரல்கள் முட்டின, மூக்கால் பேசுவது, ரேடியோவில் வாசிப்பது, கழுத்துப் பட்டையைத் தடவுவது. எதிலும் அந்த வாக்கியம் வரவில்லை. கடைசியில் வந்தது யாருடைய குரலோ என்று அவளுக்கே தெரியவில்லை, கொஞ்சம் கட்டைக் குரலாக, சளி பிடித்த மாதிரி இருந்தது.

“இத போட வேண்டாமுங் டாக்டர். ஃப்ரிட்ஜ் ரெண்டு நாளா ஓடலீங்.”

கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடங்கி, அவர் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவர் நாற்காலியோடு திரும்பினார். எத்தனை மணி நேரம் என்று கேட்டார். நாற்பத்துநான்கு என்றாள், கால் மணியை விட்டுவிட்டதை உடனே திருத்தினாள். பிளக்கைப் பிடுங்கியது யார் என்று கேட்டார். நான்தானுங், என்றாள், லைட்டு யாருடையது என்பதைச் சொல்லவில்லை. இவ்வளவோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் அவர் எழுந்துபோய் நூலோடு அந்த நோட்டை அறுத்துக்கொண்டு வந்தார், விரலை வைத்து ஓட்டினார், இங்க நாலு, நாலு, அஞ்சுன்னு போட்டிருக்குதே, என்றார். அது திங்கக்கெழம மத்தியானமே எழுதினதுங், என்றாள். அவர் ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். இன்னொரு பக்கம். விநாயகர் சதுர்த்தி. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம். அவர் கேட்கவே இல்லை, திருப்பிக்கொண்டே போனார், அவள்தான் சொன்னாள், லீவு நாளெல்லாம் அப்படித்தானுங். அந்தப் பக்கங்களில் நெடுக அவருடைய கு.வேலுவும் இருந்தது, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே மசியில், ஒரே சாய்வில். அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். குழந்தை அந்தக் கண்ணாடிக்குத் தாவியது.

கதிர்வேல் சுவரை விட்டு வந்தான். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். இதற்குள் என்னதான் இருக்கிறது, விஷமா என்று கேட்டான். மருந்துதானுங்ணா, என்றாள், ஆனா வேல செய்யுமான்னு தெரியாது, செய்யாட்டி போட்டாச்சுன்னு நீங்க நம்பிட்டிருப்பீங்க. அவன் சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டான், சிரிப்பில்லை. எவ்வளவு ஆசையாப் பேசினீங்க போன்ல, என்றான். பேசினேனுங், என்றாள். அவன் செல்போனைப் பையில் போட்டான், வெளியில் எடுத்தான். போய்விடுவான். இதோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாத்தியா என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, இந்தப் படியையும் எந்தப் படியையும் இனிமேல் ஏறாமல் போய்விடுவான், அதையும் அவள்தான் செய்தாள், ஊசியைக் கொடுத்திருந்தாலும் அவள்தான், கொடுக்காததிலும் அவள்தான். வாய் தானாகப் பேசியது. இன்றைக்குப் புதன்கிழமை, எதிரில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஊசி நாள், இப்போதே போகலாம், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ரேடியோ இல்லை, எதுவும் இல்லை, அதே சளிக் குரல்.

“அங்க போட்டா காச்சல் வருமா?” என்றான் கதிர்வேல்.

“வருமுங்ணா. ஒரு நாளு, ரெண்டு நாளு வரலாம். காலு வீங்கலாம். அழும். அப்பறம் போயிரும்.”

ஹாலில் எடை மிஷின் மேல் ஏதோ குழந்தை ஏறி இறங்கி ஏறி இறங்கி டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. கதிர்வேல் நெற்றியைச் சொறிந்தான். ஒண்ணும் ஆகாது ஒண்ணும் ஆகாதுன்னேதான் அத்தனை பேரும் சொன்னாங்க, என்று யாரிடமும் இல்லாமல் சொன்னான், வருமுன்னு ஒருத்தரும் சொல்லல. அது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இதுவரை வாயே திறக்காத சுதாமணி குழந்தையின் ஜட்டியை மேலே ஏற்றாமல் அப்படியே துண்டால் சுற்றி இடுப்பில் வைத்தாள். “நடங்க. நேரமாச்சுன்னா கூட்டம் சேந்துக்கும்,” என்றாள் புருஷனிடம், கடைக்குக் கிளம்புகிற மாதிரி. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீயும் கூடப் போ, என்று ரங்கநாயகியிடம் சொன்னார், போட்டு முடிச்சு அரைமணி நேரம் உக்கார வெச்சுட்டு வா, வந்தப்பறம் பேசிக்கலாம். பிறகு ஹாலைப் பார்த்து, ஜெயசித்ரா, ஊசிக்கு வந்தவங்கள எல்லாம் உள்ள வரச் சொல்லு, நானே சொல்லிக்கறேன், என்றார். வந்தப்பறம் பேசிக்கலாம். அந்த இரண்டு வார்த்தையை அவள் ரோடு தாண்டும்போது புரட்டிப் பார்த்தாள், கூடையில் காய் பொறுக்குகிற மாதிரி, அடியில் அழுகியிருக்கிறதா என்று, ஒன்றும் தெரியவில்லை. பழனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கதிர்வேல் குழந்தையின் தலையில் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான், திரும்பிப் பார்க்காமல், ஆனால் அவள் பின்தங்கியபோது ஒரு தடவை நின்றான்.

பெஞ்சில் இருபது அம்மாக்கள். வேப்பமரத்து நிழல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லார் மேலும் ஆடியது. நர்ஸ் ஐஸ் பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்து வெளிச்சத்தில் ஒரு நொடி பிடித்துப் பார்த்தார், அந்தச் சதுரத்தைத்தான் பார்க்கிறார், வெளுப்பாக இருந்தது, ரங்கநாயகி எட்டிப் பார்த்தாள், நன்றாக வெளுப்பாக இருந்தது. காலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள், உதறினால் ஊசி விலகிவிடும். சுதாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு குழந்தையின் தலையைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள், கதிர்வேல் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படிப்பதாகப் பாவனை செய்தான், எழுத்து தலைகீழாக இருந்தாலும் படித்திருப்பான். ஆகவே கால் இவள் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள். சூடாக, வழுவழுவென்று, உள்ளே ஏதோ சின்ன மிஷின் ஓடுகிற மாதிரி துடித்துக்கொண்டு இருந்தது. அப்போது அவள் சுடிதார் பையில் செல்போன் அதிர ஆரம்பித்தது. கிளினிக் நம்பராகத்தான் இருக்கும். ஜெயசித்ரா அக்காவாக இருக்கலாம், டாக்டராகவே இருக்கலாம், வரவேண்டாம் என்பதற்காக இருக்கலாம், சீக்கிரம் வா என்பதற்காகவும் இருக்கலாம். ஊசி இறங்கியது. இனியா ஒரு கணம் என்ன நடந்தது என்று யோசித்தாள், வாய் சதுரமாகத் திறந்தது, சத்தம் வரவில்லை, வரவில்லை, பிறகு வந்தது, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, தடையே இல்லாமல், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி. போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது. பஞ்ச வெச்சு அழுத்திக்கோங்க, என்றார் நர்ஸ். ரங்கநாயகி அழுத்திக்கொண்டாள். கையை எடுக்கவில்லை.